ஒன்றும் நடக்காத இரவு

காவல் வேலை பார்ப்போருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் சில செய்திகள்

பால் வெட்டுகிறவர் நண்பகலில் தம் உழைப்பை நிறுத்துக் காட்டிவிடலாம். இத்தனை கிலோ என்று கிராணி எழுதிக்கொள்வார். செம்பனைக் குலை அறுக்கிறவர் இத்தனை குலை என்று எண்ணிக் காட்டலாம். தையற்காரர் தைத்த சட்டையைக் காட்டலாம். கொத்தனார் எழுப்பிய சுவரைக் காட்டலாம். ஆனால் ஒரு தொழிற்சாலை வாசலில் மாலை ஏழு மணிக்கு வந்து நின்று, மறுநாள் காலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் காவலர் எதைக் காட்டுவார்? பூட்டு உடையவில்லை, திருட்டுப் போகவில்லை, தீப்பிடிக்கவில்லை, யாருக்கும் காயமில்லை. "நேற்றிரவு ஒன்றும் நடக்கவில்லை" என்பதுதான் அவர் செய்து முடித்த வேலை!

கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையை எப்படி மதிப்பது? மதிக்க வேண்டியவர்கள் யார்? பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் நம்மவர் எத்தனையோ பேர் ஆணும் பெண்ணுமாகக் காவலர் சீருடை அணிந்திருக்கிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்திலேயே குடியிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டுச் செய்தி.

தோட்டத்து எல்லையிலிருந்து தொழிற்சாலை வாசலுக்கு

காவல் நமக்குப் புதிய தொழிலன்று. சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் "பாடிகாவல்" என்றொரு வரி காணப்படுகிறது. ஊர்க்காவலுக்காக ஊரார் செலுத்திய வரி அது. காவல் இலவசமாகக் கிடைப்பதல்ல, அதற்குரிய பங்கைக் கொடுத்தாக வேண்டும் என்பதை நம் முன்னோர் அன்றே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தபோது எல்லைக் காவல் தெய்வங்களையும் உடன் கொண்டுவந்தார்கள். தோட்டத்து எல்லையில் மரத்தடியில் முனியாண்டிக்கு ஒரு கல் நட்டு, சுருட்டு வைத்துப் படைத்தார்கள். இரவில் ஊரைச் சுற்றி வருகிறவருக்கு மரியாதை செய்யாமல் அவர்கள் உறங்கவில்லை.

ஜார்ஜ் டவுன் பட்டணத்தில் காவல் என்றால் ஒரு காலத்தில் சீக்கியர்கள்தாம். வங்கிகளின் வாசலிலும் கிடங்குகளின் வாசலிலும் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் காத்துக் கிடந்தார்கள். "ஜாகா" என்ற மலாய்ச் சொல் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. சிங்கப்பூரில் புக்கிட் பிரவுன் என்ற பழைய சீன இடுகாட்டில், செல்வந்தர் கல்லறைகளுக்கு முன் சீக்கியக் காவலர்களின் சிலைகளை இன்றும் காணலாம். இறந்த பிறகும் ஒரு ஜாகா காவல் இருக்கட்டும் என்று எண்ணும் அளவுக்கு அவர்கள்மேல் நம்பிக்கை இருந்திருக்கிறது.

பின்னர் காலம் மாறியது. 1971இல் தனியார் முகவர் நிறுவனச் சட்டம் வந்தது. காவல் நிறுவனம் நடத்துகிறவர் உள்துறை அமைச்சின் உரிமம் பெற வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. மறு ஆண்டு, 1972இல், பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கப்பட்டது. மின்னணுத் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின. ஒவ்வொரு வாசலுக்கும் ஆள் தேவைப்பட்டது. ஒரு காலத்தில் கரும்பும் பின்னர் ரப்பரும் செம்பனையும் விளைந்த பத்து காவான் நிலத்தில் இன்று தொழிற்பேட்டை எழுந்து நிற்கிறது. 2014 மார்ச் 1ஆம் நாள் திறக்கப்பட்ட இரண்டாவது பாலமும் அங்கேதான் கரையைத் தொடுகிறது. தகப்பன் பெரட்டுக்கு நின்ற மண்ணில் இன்று மகன் காவலர் வரிசையில் நின்று பெயர் கொடுக்கிறான்.

இருந்தும் நம் வீடுகளில் இந்த வேலைக்கு மரியாதை குறைவு. "ஒழுங்காகப் படிக்காவிட்டால் ஜாகா வேலைக்குத்தான் போவாய்" என்று பிள்ளையை மிரட்டும் பெற்றோர் உண்டு. பள்ளிக்கூடத்துப் பாரத்தில் "தகப்பனார் தொழில்" என்ற இடத்தை நிரப்பக் கேட்கும்போது, சில பிள்ளைகள் "கம்பெனி வேலை" என்று மெல்லிய குரலில் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று கேட்டால் தலை குனிந்துகொள்கிறது. அந்தப் பிள்ளை மூன்று வேளை உண்பது அந்த வேலையால்தான்.

பரிசு வாங்குகிறவர் யார்?

காவல் நிறுவனங்களில் சிப்பந்திகளைப் பாராட்டும் வழக்கம் இருக்கிறது. மாதத்தின் சிறந்த காவலர் என்று படம் ஒட்டுவார்கள். நெடுங்கால சேவைக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். பதவி உயர்வு பெற்றவர் பெயரை அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். ஆண்டு விருந்தில் மேடைக்கு அழைத்துக் கை குலுக்குவார்கள். இவையெல்லாம் நல்ல வழக்கங்களே. அந்தச் சான்றிதழ் வீட்டுச் சுவரில் மாட்டப்படும்போது குடும்பமே நிமிர்ந்து உட்காருகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருடனைத் துரத்திப் பிடித்தவருக்குப் படம் வருகிறது. கையில் வெட்டு வாங்கியவருக்கு மாலை விழுகிறது. பின்வாசல் பூட்டு தளர்ந்திருப்பதைக் கண்டு, அன்றே எழுதி வைத்து, மறுநாளே மாற்றச் செய்தவருக்கு ஒன்றும் வருவதில்லை. அவரால் திருடன் வரவேயில்லை. ஆகவே துரத்த ஆளுமில்லை, படமுமில்லை!

உலகத்தையே திருப்பிப் போட்ட ஒரு காவலரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் வாட்டர்கேட் என்றொரு கட்டடத் தொகுதி. 1972 ஜூன் 17ஆம் நாள் அதிகாலையில் அங்கே காவலில் இருந்தவர் ஃபிராங்க் வில்ஸ் என்ற 24 வயது கறுப்பின இளைஞர். ரோந்து சுற்றும்போது ஒரு கதவின் பூட்டு நாக்கில் ஒட்டு நாடா ஒட்டியிருப்பதைக் கண்டார். யாரோ வேலையாட்கள் மறந்துவிட்டிருப்பார்கள் என்று எடுத்துப் போட்டார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் வந்து பார்த்தார். அதே இடத்தில் புதிதாக நாடா! உடனே போலீசைக் கூப்பிட்டார். யாரோடும் அவர் மல்லுக்கு நிற்கவில்லை. போலீசார் வந்து, எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்திருந்த ஐந்து பேரைப் பிடித்தார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன விசாரணை அதிபர் மாளிகை வரை சென்றது. 1974 ஆகஸ்டு 9இல் அதிபர் நிக்சன் பதவி விலகினார்.

ஃபிராங்க் வில்ஸ் செய்தது இரண்டே காரியங்கள். ஒருமுறை பார்த்ததை மறுமுறையும் போய்ப் பார்த்தார். தனியே உள்ளே நுழையாமல் உரியவர்களை அழைத்தார். நல்ல காவலின் இலக்கணமே அதுதான். ஆனால் அவருக்கு என்ன கிடைத்தது? சில நாள் புகழ் கிடைத்தது. அந்தச் சம்பவத்தைப் பற்றி 1976இல் வந்த திரைப்படத்தில் அவராகவே தோன்றினார். அதன்பின் நிலையான வேலை அமையவில்லை. வறுமையில் வாழ்ந்து, 2000ஆம் ஆண்டில் 52ஆம் வயதில் காலமானார். கைதட்டுவது வேறு, ஒருவருடைய வாழ்வுக்கு வழி செய்வது வேறு என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

நம் நாட்டிலும் 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, மருத்துவமனை, சந்தை, தொழிற்சாலை வாசல்களில் முதலில் நின்றவர்கள் காவலர்களே. வருகிறவரின் உடல் வெப்பத்தைப் பார்த்து உள்ளே விடும் பொறுப்பு அவர்கள் தலையில் விழுந்தது. அன்று எல்லாரும் கைகூப்பினார்கள். இன்று அந்த வாசலைக் கடக்கும்போது ஒரு "காலை வணக்கம்" சொல்கிறவர்கள் எத்தனை பேர்?

சிறு சங்கதி என்று விடலாமா?

1931இல் ஹெர்பர்ட் ஹைன்ரிக் என்ற அமெரிக்கர் தொழில் விபத்துகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பெரிய காயம் ஏற்படுத்தும் ஒரு விபத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும், காயமே இல்லாமல் தப்பிய 300 சம்பவங்களும் இருக்கின்றன என்று அவர் கணக்குச் சொன்னார். இந்த எண்கள் எல்லாத் தொழிலுக்கும் அப்படியே பொருந்தா என்று பிற்காலத்தார் மறுத்திருக்கிறார்கள். ஆயினும் அவர் சுட்டிய வழி பயனுள்ளது. தப்பிய சம்பவத்தை எழுதி வைத்துச் சரிசெய்தால் வரவிருக்கும் விபத்தைக் குறைக்கலாம். அப்படிப்பட்ட சம்பவங்களை முதலில் காண்கிறவர் காவலர்தான். மின்பெட்டியில் கருகல் வாடை, படிக்கட்டில் எண்ணெய்ச் சிந்தல், அவசர வாசலை மறித்து அடுக்கிய பெட்டிகள், எரியாத வாசல் விளக்கு! இவற்றை எழுதியவருக்கு ஒரு நிறுவனம் பரிசு கொடுக்குமானால், அதுதான் சரியான பரிசு.

எழுதாமல், கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பினாங்கு மக்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 1988 ஜூலை 31ஆம் நாள் பட்டர்வொர்த் பெர்ரி முனையத்தில், சீனர்களின் குவான் இன் விழாவுக்காகத் தீவுக்குச் செல்லத் திரண்டிருந்த கூட்டத்தின் பாரத்தில் மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டார்கள். காயமடைந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஒரு கட்டடம் எத்தனை பேரைத் தாங்கும் என்ற கணக்கு பொறியாளரின் ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. வாசலில் நிற்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். "இதற்கு மேல் வேண்டாம்" என்று நிறுத்தும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைப் படிகளில் ஏறி இறங்கும் நமக்கு, கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறவரின் கை எவ்வளவு முக்கியம் என்பது தெரிந்ததே.

1991 மே 7இல் சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்குப் பின் வந்ததுதான் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். இச்சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காதபோது, அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம் என்று அது கூறுகிறது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. "ஜாகாவுக்கு என்ன சட்டம்" என்று இனி யாரும் சொல்ல முடியாது.

உயிரைக் காக்கும் ஐந்து பழக்கங்கள்

1. தனியே துரத்த வேண்டாம். கொள்ளையர் வந்தால் ஆள் எத்தனை, வண்டி எண் என்ன, எந்தப் பக்கம் போனார்கள் என்று பார்த்துக்கொண்டு, பத்திரமான இடத்திலிருந்து 999க்கும் மேலாளருக்கும் சொல்ல வேண்டும். போன பொருளுக்குக் காப்புறுதி இருக்கும். போன உயிருக்கு ஈடு கிடையாது.

2. தீயணைப்புக் கருவியை இன்றே தொட்டுப் பழக வேண்டும். ஊசியை இழுத்து, குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்கு நேராகப் பிடித்து, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். சிறு தீக்குத்தான் இது. தப்பும் வழி எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். தீ பெருகிவிட்டால் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு பொம்பா வரும்வரை வாசலைத் திறந்து வைப்பதே காவலர் வேலை.

3. தொட்டியிலோ குழியிலோ ஒருவர் மயங்கிக் கிடந்தால் இறங்கக் கூடாது. உள்ளே நச்சுக்காற்று இருக்கலாம். மூச்சுக்காற்று இல்லாமலும் இருக்கலாம். தூக்கப் போனவரே அடுத்துப் பலியான விபத்துகள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. மூச்சுக்கருவியோடு வருகிறவர்கள்தாம் இறங்க வேண்டும்.

4. லாரி பின்னால் வரும்போது அதன் வால்பக்கம் நின்று கை காட்டக் கூடாது. ஓட்டுநர் கண்ணாடியில் நம் முகம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். வெளிச்சம் பட்டால் மின்னும் மேலங்கி இரவில் கட்டாயம்.

5. இடி மின்னலின்போது மரத்தடியிலும் கம்பிவேலி ஓரத்திலும் ரோந்து வேண்டாம். கட்டடத்துக்குள் போய்விட்டு, காரணத்தையும் நேரத்தையும் புத்தகத்தில் எழுதிவிட்டால் போதும். ஒருவரும் குறை சொல்ல இடமில்லை.

வேலியும் பயிரும்

காவலரைக் காக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு இருப்பதுபோல, நம்பத்தகுந்தவரையே காவலில் நிறுத்தும் பொறுப்பும் அதற்கு உண்டு. 2013 அக்டோபர் 23இல் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கிக்குக் காவல் இருந்தவரே அங்கிருந்த பெண் அதிகாரியைச் சுட்டுக் கொன்று பணத்தோடு ஓடினார். அவர் வைத்திருந்தது போலி அடையாள அட்டை என்று பின்னர் தெரிந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை! அந்த ஒருவரால் நேர்மையாக உழைக்கும் ஆயிரக்கணக்கானோர்மேலும் சந்தேகப் பார்வை விழுந்தது. ஆகவே போலீஸ் சோதனை, கைரேகை, அடிப்படைப் பயிற்சி என்று கேட்கும்போது சலித்துக்கொள்ள வேண்டாம். பயிற்சிச் சான்றிதழ் கையில் இருப்பவருக்குத்தான் மேற்பார்வையாளர் பதவியும் கதவைத் திறக்கும். பாடம் புரியும் மொழியில் நடக்கிறதா என்று கேட்பதும் உரிமைதான். வெளிநாட்டவரில் நேப்பாளியருக்கு மட்டுமே நம் நாட்டில் இந்த வேலைக்கு அனுமதி உண்டு. அவர்களும் நம்மவரும் ஒரே வாசலில் நிற்கிறார்கள். ஆபத்து வரும்போது இருவருக்கும் ஒரே சொல் புரிந்தாக வேண்டும்.

காலை ஏழு மணிக்கு மேல்தான் கண்டம்

இரவு முழுவதும் விழித்திருந்தவருக்குப் பெரிய ஆபத்து எப்போது வருகிறது தெரியுமா? வேலை முடிந்த பிறகு! பகல் இரண்டு மணிக்கு எழுந்து, மாலை வேலைக்குப் போய், மறுநாள் காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது அவர் 17 மணி நேரம் விழித்திருக்கிறார். 17 மணி நேரம் தூங்காதவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் கையையும் கண்ணையும் போலத் தடுமாறுகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2020 முதல் நம் நாட்டில் மது அருந்தி வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் போட்டிருக்கும் எல்லையும் அதுவே. ஒரு சொட்டுக் குடிக்காமலே குடித்தவர் நிலைக்கு வந்துவிடுகிறார். நம் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தாயார் ஒரு பாரத்தை நிரப்பித் தரச் சொல்லி வந்தார். பள்ளிச் சீருடைக்கு உதவி கேட்கும் பாரம். கணவர் காவல் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வரும் வழியில் லாரி மோதி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சொக்சோவுக்கு எழுதிப் போட்டீர்களா என்று கேட்டதற்கு, "வேலை முடிஞ்சப்புறந்தானே சார் நடந்துச்சு, அதனால ஒன்னும் கெடைக்காதுன்னு சொல்லிட்டாங்க" என்றார். சொன்னவர் கணவர் வேலை செய்த இடத்து ஆள். அந்த அம்மாளும் நம்பிவிட்டார்.

அது தவறான தகவல். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியிலும், உணவு இடைவேளையில் சாப்பிடப் போய்வரும் வழியிலும் நேரும் விபத்துகளும் சொக்சோவின் பாதுகாப்பில் அடங்கும். நேர்வழியில் வந்திருக்க வேண்டும். வேறு சொந்த வேலைக்காக வழி மாறியிருக்கக் கூடாது. அதை எப்படிக் காட்டுவது? அங்கேதான் வாசலில் இருந்த பதிவுப் புத்தகம் கைகொடுத்தது. கடைசி நாளில் அவர் தம் கையால் எழுதியிருந்தார்: காலை மணி 7.05, ஒன்றும் நடக்கவில்லை, பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. கீழே கையெழுத்து. போலீஸ் அறிக்கையில் விபத்து நேரம் 7.25. இடைப்பட்ட சாலை வீட்டுக்குப் போகும் சாலை. இந்த இரண்டு தாள்களும் சேர்ந்து வழக்கைப் பேசின. கோரிக்கை ஏற்கப்பட்டது. இப்போது அந்தக் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வருகிறது. அந்தப் பெண்பிள்ளை இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள்.

தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. வேலை விபத்தில் தொழிலாளி இறந்தால், அவருடைய சராசரி நாட்சம்பளமாகக் கணக்கிடப்படும் தொகையில் 90 விழுக்காடு குடும்பத்துக்கு உரியது. மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கும், இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் போகும். காயமுற்று, விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு பெற்றவருக்கு, அந்த நாள்களுக்கு 80 விழுக்காடு கிடைக்கும். விபத்துச் செய்தி கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளரும் 2019 ஜனவரி 1 முதல் இந்த வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். கூட நிற்கும் நேப்பாளி நண்பருக்கும் இதைச் சொல்லிவைப்பது புண்ணியம்.

மதிப்பு சம்பளச் சீட்டிலும் தெரிய வேண்டும்

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவான ஆள் வைத்திருப்போருக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் இது பொருந்துகிறது. வேலைச் சட்டத் திருத்தத்தின்படி 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வழக்கமான வேலை நேரம். அதற்கு மேல் செய்யும் ஓவர்டைமுக்கு, சாதாரண நாளில் ஒன்றரை மடங்குக் கூலி. 12 மணி நேர ஷிப்டு செய்கிறவர் தம் சம்பளச் சீட்டில் ஓவர்டைம் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மே தினம் 1972 முதல் நம் நாட்டில் பொது விடுமுறை. அன்று ஊரெல்லாம் ஓய்வெடுக்கையில் வாசலில் நிற்கும் காவலருக்கு, விடுமுறைச் சம்பளத்தோடு மேலும் இரண்டு நாள் சம்பளம் உரியது.

மற்றொரு குறையும் உண்டு. பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் காவல் குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகை கைமாறும்போது, அதே வாசலில் அதே நாற்காலியில் இருப்பவர் புதிய நிறுவனத்தில் புதிய ஆளாகிவிடுகிறார். ஐந்தாண்டு சேவைக்குச் சட்டப்படி 16 நாள் ஆண்டு விடுப்பு. புதியவருக்கு 8 நாள்தான். பத்தாண்டு நின்றவரும் 8 நாளிலிருந்து தொடங்குகிறார். நெடுங்கால சேவைக்குச் சான்றிதழ் கொடுப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சங்கங்கள் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி இது.

அண்டை நாடான சிங்கப்பூரில் 2016 முதல் காவலருக்குப் படிப்படியான சம்பள முறை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பயிற்சி பெறப் பெறப் பதவியும் சம்பளமும் ஏறும். பணியிலிருக்கும் காவலரைத் திட்டுவோர், தாக்குவோர்மேல் கடும் தண்டனை விதிக்கும் சட்டத் திருத்தமும் அங்கே 2022இல் அமலுக்கு வந்தது. "வண்டியை இங்கே நிறுத்தாதீர்கள்" என்று சொன்னதற்காக வசவு வாங்குகிற நம் காவலர்களுக்கும் அப்படியொரு கவசம் வந்தால் நல்லது. வரும்வரை காத்திராமல் ஒரு நிறுவனம் தானே செய்யக்கூடியவை பல: மழை ஒழுகாத காவல் குடில், உட்கார ஒரு நாற்காலி, நல்ல விளக்கு, குடிநீர், பெண் காவலருக்குப் பக்கத்திலேயே கழிவறை, தனியாக நிற்பவரை மணிக்கொரு தரம் அழைத்து விசாரிக்கும் ஒரு குரல்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

காவலரின் பாதுகாப்பு வீட்டிலேயே தொடங்குகிறது. இரவு வேலை பார்த்து வந்தவர் பகலில் உறங்கும்போது, சன்னலுக்குக் கெட்டியான திரை போடுங்கள். தொலைக்காட்சியைத் தணித்து வையுங்கள். "பகலெல்லாம் தூங்குகிறார்" என்று அக்கம்பக்கத்தார் சொன்னால், "இரவெல்லாம் விழித்திருந்தார்" என்று பதில் சொல்லுங்கள். 2023இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கின்படி நம் நாட்டில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. நடுநிசியில் இனிப்புக் கோப்பியும் பிஸ்கட்டும் கொண்டே விழித்திருக்கும் பழக்கம் அந்த நோய்க்கு வழிவிடும். சோறோ சப்பாத்தியோ காய்கறியோடு கட்டிக் கொடுங்கள். காலையில் கண் சொருகினால் வண்டியை எடுக்காமல் இருபது நிமிடம் அங்கேயே கண்ணயர்ந்துவிட்டு வரச் சொல்லுங்கள். தாமதமாக வந்தாலும் வந்து சேர்வதுதான் முக்கியம்.

வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சொக்சோ சந்தா கட்டியதற்கான விவரம், பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். மேற்பார்வையாளரின் தொலைபேசி எண்ணையும் அதன்மேல் எழுதிவிடுங்கள். எழுத்து வாசனை குறைந்தவர்கள் பக்கத்துப் பள்ளி ஆசிரியரையோ சங்கத் தலைவரையோ கேட்டால் உதவி செய்வார்கள்.

பிள்ளைகளிடம் அப்பாவின், அம்மாவின் வேலை என்னவென்று விளக்கிச் சொல்லுங்கள். எந்த வாசல், எத்தனை பேர் அந்த வாசலை நம்பி உள்ளே வேலை செய்கிறார்கள், நேற்றிரவு எத்தனை சுற்று வந்தார் என்று சொல்லட்டும். அடுத்த முறை பாரத்தில் "தகப்பனார் தொழில்" என்று கேட்கும்போது, "பாதுகாவலர்" என்று அந்தப் பிள்ளை தெளிவாக எழுதட்டும்.